தேங்காய்ப்பட்டணம் முதல் பூவாறு வரை: கடல் ஏன் வீட்டுக்குள் வருகிறது?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் சித்திரை பாதியில் தொடங்கி ஆடி முடிகிற வரைக்கும் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி செய்திதான் வரும். கடல் சீற்றம், வீடுகளுக்குள் தண்ணீர், மக்கள் சாலை மறியல், அதிகாரிகள் வந்து பேச்சுவார்த்தை, கல் கொட்ட ஏற்பாடு. எல்லை தாண்டி கேரளத்துப் பத்திரிகையை எடுத்தாலும் இதேதான், மொழி மட்டும் வேறு. பிரச்சினை என்னவென்றால், தண்ணீர் எந்தக் காரணத்தால் உள்ளே வந்தாலும் இரண்டு பக்கமும் ‘கடல் சீற்றம்’ என்று ஒரே பெயரில் போட்டுவிடுகிறார்கள். நடு இரவில் காற்றே இல்லாமல் வருகிற தண்ணீருக்கும், புயலோடு வருகிற தண்ணீருக்கும், வருடா வருடம் கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதற்கும் காரணங்கள் வேறு வேறு. காரணம் வேறாக இருக்கும்போது மருந்து மட்டும் எப்போதும் கருங்கல்லாக இருப்பதால்தான் இவ்வளவு கோடி செலவழித்தும் அதே வீடுகளில் அதே தண்ணீர் ஏறுகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேருகிற இடம் தேங்காய்ப்பட்டணம். ஆற்றுக்கு மேற்கே இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும். நீரோடி தமிழ்நாட்டின் கடைசி ஊர். அதை ஒட்டிப் பொழியூர், அது கேரளம். கொஞ்சம் தள்ளினால் நெய்யாறு கலக்கிற பூவாறு. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இது எல்லாமே திருவிதாங்கூர்-கொச்சிதான். இன்றைக்கும் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள், கொண்டு கொடுத்த குடும்பங்கள், ஒரே மாதிரியான கோயில் திருவிழாக்கள். இந்த ஊர்களுக்கு முன்னால் அரபிக்கடல், பின்னால் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் வெட்டி, இப்போது பல இடங்களில் தூர்ந்து கிடக்கிற ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய். நடுவில் ஒரு ஒடுங்கிய மணல் திட்டு. அதன் மேல்தான் வீடு, பள்ளிக்கூடம், கோயில், கல்லறை எல்லாம். பின்வாங்க இடமில்லாத மண். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மீதி புரியும்.

கள்ளக்கடலில் இருந்து தொடங்குவோம். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, மழை இருக்காது, ஆனால் கடல் திடீரென்று ஏறி வந்து முற்றத்தைக் கழுவிவிட்டுப் போகும். பகைவன் முன்னறிவிப்போடு வருவான், இது திருடன் மாதிரி வருகிறது என்றுதான் மீனவர்கள் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஐ.நா.வின் யுனெஸ்கோ 2012-இல் இதே பெயரை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது.

இது எங்கள் கடலில் பிறப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென் கோடியில், அன்டார்க்டிகாவை நோக்கிய பக்கத்தில், பெரிய காற்றழுத்தத் தாழ்வுகள் அடிக்கடி உருவாகும். அங்கே பல நாள் விடாமல் வீசுகிற காற்று ராட்சத அலைகளை எழுப்புகிறது. அந்த அலைகளில் நீளமானவை மட்டும் பிரிந்து வடக்கே பயணப்படும். பக்கத்தில் வீசும் காற்றால் எழும் சாதாரண அலை ஐந்தாறு நொடிக்கு ஒன்று வரும். இந்த நெடுந்தூர அலையோ பதினைந்து முதல் இருபது நொடிக்கு ஒன்றுதான் வரும். பதினெட்டு நொடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், அதாவது ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். வழியில் அதிகம் சக்தி இழக்காமல் நான்கைந்து நாளில் நம் கரைக்கு வந்துவிடும். ஆழ்கடலில் இதன் மேல் படகு நின்றால்கூடப் பெரிதாகத் தெரியாது, மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும். கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அது எழும்புகிறது. இரண்டு அலைக்கு நடுவே நீண்ட இடைவெளி இருப்பதால், ஏறுகிற தண்ணீர் நின்று நிதானமாக நெடுந்தூரம் உள்ளே போகும். வரிசையாக அலைகள் உடையும்போது கரையோரத்தில் தண்ணீர் மட்டமே கொஞ்ச நேரம் உயர்ந்து நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து வேலியேற்றமும், அதாவது கடலின் அன்றாட ஏற்றமும், சேர்ந்துகொண்டால் வீட்டுக்குள்தான்.

நல்ல விஷயம், இதை முன்கூட்டியே சொல்ல முடியும். தெற்கே தாழ்வு உருவான அன்றைக்கே ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், கணக்குப் போட ஆரம்பித்துவிடும். 2020 முதல் இதற்கென்றே முன்னறிவிப்பு கொடுக்கிறார்கள். ஆனால் அறிவிப்பு வருவதும் அது ஆளைப் போய்ச் சேர்வதும் வேறு. 2024 மே மாதத் தொடக்கத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மே 6-ஆம் தேதி ராஜாக்கமங்கலம் பக்கம் கணபதிபுரத்தில் உள்ள லெமூர் கடற்கரையில் வெளியூரில் இருந்து வந்திருந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஐந்து இளம் உயிர். காற்றில்லாத, வெயில் அடிக்கிற நாளில் கடல் ஆளைக் கொல்லும் என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? மீனவர் குடியிருப்பில் கோயில் ஒலிபெருக்கியில் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தக் குரல் எட்டாது. தங்குகிற விடுதியும், கல்யாண மண்டபமும், கார் ஓட்டுநரும் சொன்னால்தான் உண்டு.

அடுத்தது புயல். வெகு காலமாக எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புயல் என்றால் அது வங்காள விரிகுடா விவகாரம், கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஆந்திராவுக்கும் வருவது. அந்த நினைப்பை 2017-இல் ஒக்கி உடைத்தது. நவம்பர் 29 காலையில் இலங்கைக்குப் பக்கத்தில் வெறும் தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலையில் அது குமரிமுனைக்குத் தெற்கே புயல். ஒரே நாள்தான் இடைவெளி. வழக்கமாகத் தாழ்வு மண்டலம் புயலாக மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது கொடுக்கவில்லை. கரையில் வாழையும் ரப்பரும் மின்கம்பங்களும் சாய்ந்தன, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் அங்கிருந்து லட்சத்தீவுப் பக்கம் போகப் போக வலுத்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுழன்றது. அந்தப் பாதையில்தான் தூத்தூர் பக்கத்துப் படகுகள் நின்றன.

தூத்தூர் பக்கத்து மீனவர்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இல்லை. ஆழ்கடல் தூண்டிலில் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே பேர் போனவர்கள். ஒரு முறை போனால் வாரக்கணக்கில் கடலில்தான், லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் வரையிலும் போவார்கள். எச்சரிக்கை வருவதற்குப் பல நாளுக்கு முன்பே கிளம்பிப் போனவர்களுக்கு, கரையில் இருந்து சில கிலோமீட்டரில் நின்றுவிடுகிற கைபேசியாலும், கொஞ்ச தூரமே எட்டுகிற வி.எச்.எஃப். கருவியாலும் என்ன சொல்ல முடியும்? ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு மாநிலத்திலும் சேர்த்து 300 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எத்தனை பேர் போனார்கள் என்ற பட்டியலே நாளுக்கு நாள் மாறியது, ஏனென்றால் ஆள் குமரிக்காரர், படகு கிளம்பியது கொச்சித் துறைமுகம், பதிவு ஓரிடம், முதலாளி ஓரிடம். டிசம்பர் 7-ஆம் தேதி கடற்கரை ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்தே போய் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நிவாரணத் தொகைக்காக மட்டும் நடந்த போராட்டம் இல்லை அது. தேடிப் போங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை.

ஒக்கி தப்பித் தவறி வந்த ஒன்று என்று நினைக்க இப்போது வழியில்லை. கடல் மேற்பரப்பு வெப்பம் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் புயல் வளரும். அரபிக்கடல் முன்பு வங்கக் கடலைவிடக் குளிர்ச்சியாக இருந்தது, அதனால் அங்கே புயல்கள் குறைவு. கடந்த சில பத்தாண்டுகளில் அது வேகமாகச் சூடாகியிருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் உள்ளிட்டோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 1982 முதல் 2019 வரையிலான காலத்தைப் பார்த்து, பிற்பாதியில் அரபிக்கடல் புயல்களின் எண்ணிக்கை 52 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னது. அதே 2021 மே மாதம் டவ்தே புயல் மேற்குக் கரை நெடுக உரசிக்கொண்டே குஜராத் வரை போனது. கரையைக் கடக்காமலே எங்கள் பக்கத்தில் வீடுகளை இடித்துவிட்டுப் போனது.

சரி, கடல்மட்டம் உயர்வதற்கு வருவோம். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை சொல்வது, 1901-இல் இருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர். ஒரு சாண் கூட இல்லையே, இதுவா வீட்டை இடிக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கடற்கரை தட்டையான சரிவு. ஐம்பது அடி நடந்தால் ஒரு அடி உயர்கிற கரையில் 20 சென்டிமீட்டர் உயர்வு என்பது தண்ணீர் 10 மீட்டர் உள்ளே நகர்வது. ஒரு வீடும் அதன் முற்றமும் அவ்வளவுதான். இன்னொன்று, எங்கள் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பல மீட்டர், அங்கே யாரும் தண்ணீரை ஒட்டி வீடு கட்ட முடியாது. எங்கள் பக்கம் கடல் அவ்வளவு ஏறி இறங்காது என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டார்கள். அதனால் கடல்மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும், அதன் மேல் ஏறி வருகிற கள்ளக்கடலும் புயல் அலையும் முன்பு தொடாத படியைத் தொடுகின்றன. கடல்மட்ட உயர்வு தனியாக வந்து யாருடைய கதவையும் தட்டாது. மற்ற எல்லாவற்றையும் அது தூக்கிக் கொடுக்கிறது. கிணற்றுக்குள் உப்பு ஏறுவதும் இதே வழியில்தான், அது சத்தமில்லாமல் நடக்கிறது.

இப்போது மணல். இதுவரை சொன்னதில் மனிதர் கையில் உடனடியாக இருப்பது குறைவு. இதில் நிறையவே இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உயரமான அலைகள் மணலை அறுத்து ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆவணி, புரட்டாசி கழிந்து கடல் அடங்கியதும் சின்ன அலைகள் அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும். இது போக, கரையை ஒட்டி வடக்கேயும் தெற்கேயும் பருவத்துக்குத் தகுந்தபடி மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆறுகள் புது மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். இந்த வரவு செலவு சரியாக இருக்கிற வரைக்கும் கரை ஒரு இடத்தில் நிற்கிற மாதிரி தெரியும். ஆற்றில் அணை கட்டினோம், ஆற்று மணலை அள்ளினோம், வரவு குறைந்தது. அப்புறம் துறைமுகத்துக்கும் ஆற்று முகத்துக்கும் கடலுக்குள் கல் நீட்டினோம், நகர்ந்து வந்த மணல் அதன் ஒரு பக்கம் தங்கியது, மறுபக்கம் பட்டினி. எந்தக் கடற்கரையில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், தூண்டில் வளைவின், அதாவது இப்படிக் கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பின், ஒரு பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடுகிற அளவு மணல் இருக்கும், அடுத்த பக்கம் அலை நேராகச் சுவரில் அடிக்கும்.

நேர்கோட்டில் கல்லடுக்கிக் கட்டுகிற தடுப்புச் சுவருக்கு வேறு குணம். சரிவான மணலில் ஏறுகிற அலை களைத்துப் போய்த் திரும்பும். கல்லில் அடிக்கிற அலை களைக்காது, அதே வேகத்தில் திரும்பிச் சுவரின் அடிமணலைத் தோண்டும். அடி போனதும் கல் சரியும், அடுத்த வருடம் மேலே புதிதாகக் கல் கொட்டுவார்கள். சுவருக்கு முன்னால் இருந்த மணல் காணாமல் போவதால் கரையில் நின்று கரமடி வலை இழுக்க இடம் இல்லை, வள்ளம் ஏற்ற இடம் இல்லை, கருவாடு காயவைக்க இடம் இல்லை. வீட்டைக் காப்பாற்றுகிற சுவர் தொழிலைத் தின்றுவிடுகிறது. சுவர் எங்கே முடிகிறதோ அங்கே அரிப்பு இரட்டிப்பாகும், அதனால் அடுத்த ஊர்க்காரர் எங்களுக்கும் சுவர் கொடு என்று சாலையில் உட்காருவார். அவர் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை, அவருடைய வீடு போகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இப்படி ஊர் ஊராகச் சுவர் வளர்ந்ததுதான் எங்கள் கரையின் கதை.

அது எல்லையில் வந்து நிற்கும்போது என்ன ஆகும்? நீரோடிப் பக்கம் தமிழ்நாடு கல் நீட்டியதால்தான் எங்கள் கரை கரைகிறது என்று பொழியூர், தெற்கு கொல்லங்கோடு மக்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுடைய பக்கமும் சுவர் கேட்கிறார்கள். அங்கே கட்டினால் அது பூவாற்றுப் பொழிமுகத்தை என்ன செய்யும் என்று அடுத்த கேள்வி வரும். ஒரே மணல் ஓட்டம், இரண்டு பொதுப்பணித் துறை, இரண்டு நிதிநிலை அறிக்கை. தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்த கணக்கில் கேரளக் கரையில் 46.4 சதவீதமும் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதமும் அரிப்பில் இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நோயாளிகள், ஆனால் மருந்துச் சீட்டு எழுதுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பதுதான் என்னுடைய முதல் ஆதங்கம்.

கேரளத்தின் செல்லானம் இதற்கு நல்ல பாடம். கொச்சிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் 344 கோடி ரூபாய் திட்டத்தில் சுமார் 7 கிலோமீட்டருக்கு நாலு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிச் சுவர் கட்டினார்கள். செல்லானத்துக்காரர்கள் மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே கண்ணமாலியில் கடல் வீட்டுக்குள் ஏறி, மக்கள் போராட வேண்டி வந்தது.

திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கியது, கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் அலை தடுப்புச் சுவர். அதற்கு வடக்கே பூந்துறை, வலியதுறை, சங்குமுகம் கரைகள் கரைந்ததற்கு அதுதான் காரணம் என்று 2022-இல் மீனவர்கள் நான்கு மாதம் முற்றுகைப் போராட்டம் நடத்தினார்கள். துறைமுகத் தரப்பு இல்லை என்றது, ஒக்கி போன்ற புயல்களைக் காட்டியது. வலியதுறையில் வீடு இழந்தவர்கள் சிமெண்ட் கிடங்குக்குள் தடுப்பு கட்டி வருடக்கணக்கில் குடியிருந்தார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இந்தக் கல்லெல்லாம் எங்கிருந்து வருகிறது? நிறையக் கல் குமரி மாவட்டத்து மலைகளில் இருந்து. களியக்காவிளை வழியாக இரவும் பகலும் கனரக லாரிகள் போவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சண்டை. ஒரு பக்கம் மலையை உடைத்துக் கடலில் போடுகிறோம், அதே மாவட்டத்தில் கடற்கரை மணலை எடுத்து வெளியே கொண்டுபோகிறோம். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை இருக்கிறது. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமச் சுரங்கம் என்று ஒரு திட்டம் நிற்கிறது. ஏழுதேசமும் கொல்லங்கோடும் நான் மேலே சொன்ன அதே ஒடுங்கிய கரையைச் சேர்ந்தவை. அரிப்பைத் தடுக்க ஒரு துறை கல் கொட்டும்போது, அதே கரையில் மணல் எடுக்க இன்னொரு துறை அனுமதி கேட்பதை நான் எந்த வகையிலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

வீட்டை மாற்றுவது ஒரு வழி என்கிறார்கள். கேரளத்தில் புனர்கேகம் என்று ஒரு திட்டம், ஏற்றக் கோட்டில் இருந்து 50 மீட்டருக்குள் இருக்கிற குடும்பத்துக்கு இடமும் வீடும் சேர்த்து 10 லட்சம் ரூபாய். கடலோரத்தில் ஒரு சென்ட் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகையின் நிலைமை புரியும். தொழில் கடலில், வீடு ஐந்து கிலோமீட்டர் தள்ளி என்றால் இஞ்சினையும் வலையையும் யார் காவல் காப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் சுவரை மட்டும் நம்புவதைவிட இது நேர்மையான வழி என்றே நினைக்கிறேன், ஊரைச் சிதறடிக்காமல் பக்கத்திலேயே மொத்தமாகக் குடியமர்த்த அரசு நிலம் வாங்கிக் கொடுத்தால். கூடவே துறைமுக வாயில்களில் தூர்வாரும் மணலை எங்கேயோ கொட்டாமல் பட்டினி கிடக்கிற பக்கத்துக் கரையில் கொண்டுபோய்ப் போடுவதும் வேண்டும். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக வாயிலில் மணல் அடைத்து, அலையில் வள்ளம் கவிழ்ந்து ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மணல் இரயுமன்துறைக்கும் அதற்கு மேற்கேயும் தேவைப்படுகிற மணல். கல் ஒப்பந்தத்தில் கிடைக்கிற சுறுசுறுப்பு இதற்கும் கிடைக்க வேண்டும்.

புயலுக்கு வேண்டியது வேறு, அது தகவல். ஒக்கிக்குப் பிறகு 2019-இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்குகிற ஜெமினி கருவி வந்தது, ஆனால் அதில் படகுக்காரர் திருப்பிப் பேச முடியாது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தகவல் கருவி பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. நல்லது. ஆனால் குமரிக்காரர் ஓட்டி, கேரளத் துறைமுகத்தில் இருந்து கிளம்பி, லட்சத்தீவுக்கு அப்பால் நிற்கிற படகு ஆபத்து என்று பொத்தானை அழுத்தினால், யார் கிளம்பிப் போவது, யார் வீட்டுக்குச் சொல்வது, அந்தப் படகில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் யாரிடம் இருக்கும்? கொச்சியிலும் முனம்பத்திலும் நிற்கிற குமரிப் படகுகளையும் அதில் போகிற வடமாநிலத் தொழிலாளர்களையும் சேர்த்து இரண்டு மாநில மீன்வளத் துறைகளும் ஒரே பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், அப்போது ஆழ்கடல் படகுகள் கரையில்தான் நிற்கும், ஆட்களும் ஊரில்தான் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொரு துறைமுகத்திலும் உட்கார்ந்து எழுதினால் ஆகஸ்ட் 1-ஆம் தேதி கிளம்புகிற ஒவ்வொரு படகின் கணக்கும் கையில் இருக்கும்.